கிளிக்குப் பச்சை!

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய மாமியாரோ, தாயாரோ, தகப்பனாரோ இருக்கிறார்களா? காலையில் நீங்கள் ஆபீசுக்குக் கிளம்பிப் போன பிறகு, மாலை ஆறு மணி வரையில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

நான் யோசித்ததில்லை. இத்தனைக்கும் நான் பத்திரிகைக்காரி. ஊரில் உள்ளவர்களை எல்லாம் தேடிப் போய்ப் பேட்டி கண்டு எழுதுகிறவள். என் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரிடம் நாலு கேள்வி கேட்கத் தோன்றவில்லை!

ஒரு நாள் மாலை கதவைத் திறந்ததும் தீய்ந்த வாடை மூக்கைத் துளைத்தது. அடுப்பில் பால் பாத்திரம் கரிக்கட்டையாகிக் கிடந்தது. அத்தை கூடத்தில் டெலிவிஷனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதில் சத்தமே வரவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

பயந்து போய் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். அவர் என்னென்னவோ சோதித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பகலிலே யாரோடு பேசுவீங்க?" என்று கேட்டார்.

"பெட்டியிலே வர்றவங்களோடதான். என்ன, அவங்க பதில் பேசறதில்லே" என்றார் அத்தை.

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

அதன் பிறகுதான் பகல் நேரக் காப்பகத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தோம். முதியோர் இல்லம் வேறு, இது வேறு. காலையில் கொண்டு விட்டு, மாலையில் அழைத்து வந்துவிடலாம். பகல் சாப்பாடு, ரத்த அழுத்தம் பார்ப்பது, சிறிது தூக்கம், மற்ற நேரத்தில் பொழுதுபோக்கு. கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகளே இப்படி நடத்துகின்றன. 'பகல் வீடு' என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படிச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்! ஏனென்றால், செய்தி எப்படியோ பெங்களூருக்குப் பறந்து, மறுநாளே நாத்தனாரிடமிருந்து டெலிபோன்: "அம்மாவை ஹோம்லே சேர்த்துட்டியாமே?"

நான் என்ன விளக்கம் சொல்லியும் எடுபடவில்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

முதல் நாள் மாலை அத்தையை அழைத்து வரப் போனேன். ஆட்டோவில் வரும்போது வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார். கிளிப் படம். பாதிக் கிளிக்குப் பச்சை வர்ணம் பூசியிருந்தது.

"கிளிக்குப் பச்சை அடிக்கச் சொன்னாங்க. கோட்டுக்கு வெளியே போகாம அடிச்சா கைதட்டுறாங்க. நாலு பிள்ளை பெத்து வளர்த்தவ நான். நாளைக்கு என்னைக் கூப்பிடாதே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாள் அந்தக் காப்பகத்துப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். நல்ல பெண். இருபத்தைந்து வயது இருக்கும். "விரலுக்கு வேலை வேணும்னுதான் மேடம்..." என்று இழுத்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மூட்டு பிடித்துக்கொள்ளும் விரல்களுக்கு அசைவு வேண்டும்தான். சிலருக்கு வர்ணம் தீட்டுவது உண்மையிலேயே பிடிக்கிறது. ஆனால் எல்லாரையும் எல்.கே.ஜி.யில் உட்கார்த்தினால்?

"அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கினேன். அத்தைக்குக் கல்யாணச் சீராக அவருடைய அம்மா கொடுத்தது. மடக்கினால் மீன் வடிவில் இருக்கும். அதன் குழிகளில் நான் பழைய பித்தான்களும் ரப்பர் வளையங்களும் போட்டு வைத்திருந்தேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு வாரம் கழித்து லீவு போட்டுவிட்டு, நானும் ஒரு முழு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேகப் பயிற்சி. பெரிய பந்து ஒன்றை வட்டமாக ஒருவருக்கொருவர் தட்டி விடுகிறார்கள். பிறகு ஒருவர் தினசரியை உரக்கப் படிக்க, மற்றவர்கள் அரசியலைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறார்கள். கேரம் பலகையைச் சுற்றி ஆண்கள். பூத்தொடுக்க ஒரு கூட்டம். தாயக்கட்டத்தைச் சுற்றி இன்னொரு கூட்டம். தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும்? அரை மணியாக விழாமல் ஓர் அம்மாள் பித்தளைக் கட்டைகளையே திட்டிக்கொண்டிருந்தார்.

மறதி நோய் உள்ள பாட்டி ஒருவரும் அங்கே இருந்தார். பெற்ற பிள்ளையின் பெயர் தடுமாறும். ஆனால் பழைய பாட்டு ஒன்றின் முதல் சொல்லை யாராவது எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், அடி பிசகாமல் கடைசி வரை பாடி முடித்துவிடுவார். பயறும் மொச்சையும் கலந்து கொடுத்தால் தனித் தனியாகப் பிரித்து வைப்பார். மொச்சை கெட்டி என்று குறைகூடச் சொன்னார்.

நம் அத்தை? ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குப் பல்லாங்குழி பாடம் நடந்துகொண்டிருந்தது. பதினாலு குழி, குழிக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை ஓய்ந்ததும் அடுத்த குழியை அள்ளி மேலே தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்ததில் உள்ளதைச் சுருட்டிக்கொள்ளலாம். நடுவில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கொள்ளலாம், கவனிக்காவிட்டால் போச்சு!

பெரியவர் மூன்று பசுக்களைக் கோட்டைவிட்டார். "ரெயிலைக் கோட்டை விட்டதில்லே, மாட்டைக் கோட்டை விடறேனே!" என்று அவர் தலையில் அடித்துக்கொள்ள, அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அந்தச் சிரிப்பை நான் கல்யாணமாகி வந்த புதிதில் கேட்டது.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்பீர்கள். நியூயார்க்கில் 75 வயதுக்கு மேற்பட்ட 469 பேரைச் சில ஆண்டுகள் கவனித்து வந்த டாக்டர்கள், 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புத்தகம் படிப்பது, பலகை ஆட்டங்கள், வாத்தியம் வாசிப்பது, நடனம் இவற்றில் ஈடுபட்டவர்களுக்கு மறதி நோய் குறைவாகவே வந்ததாம். ஆடியதால் மூளை தெளிவாக இருந்ததா, மூளை தெளிவாக இருந்ததால் ஆடினார்களா என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை இப்போது இரவு எட்டு மணிக்கு, "நாளைக்கு அந்த ரெயில்வேக்காரரை விடப்போறதில்லே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார் என்பதுதான்.

நீங்களும் இடம் பார்க்கப் போனால், சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வெளிச்சம் போதுமா, நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா, குளியலறை வழுக்குமா என்று பாருங்கள். "எனக்கு இது வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்க விரும்புகிறவரைச் சும்மா இருக்க விடுவதும் ஓர் உபசாரம்தான்!

மே மாதம் நாத்தனார் வந்தார். என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. "அம்மாவை நானே கூட்டிட்டு வர்றேன்" என்று மாலை நாலு மணிக்கே காப்பகத்துக்குக் கிளம்பினார். நானும் பின்னால் போனேன்.

அத்தை பலகையின் முன் குனிந்திருந்தார். "அம்மா!" என்று குரல் தழுதழுக்கக் கூப்பிட்டார் நாத்தனார்.

அத்தை நிமிரவில்லை. இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

"இருடி, கையிலே இன்னும் மூணு கொட்டை இருக்கு."