மேனுவல் வாங்கிய நூறு டாலர்

பதினொன்றாம் வகுப்பு லீவில் கம்பத்து நூலகத்திலிருந்து ‘கானகத்தின் குரல்’ எடுத்து வந்தேன். எழுதியவர் ஜாக் லண்டன், தமிழில் பெ. தூரன். லண்டன் ஊர்ப்பெயர் என்றுதான் அப்போது நினைத்தேன். நாய்க்கதை என்று யாரோ சொன்னார்கள், அதனால் எடுத்தேன். நாய்க்கதையைத் தேட எனக்குக் காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அப்பா எங்கள் செவலையை விற்றிருந்தார்.

செவலை கோம்பை நாய். கோம்பை எங்கள் சுருளிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். செம்பட்டை உடம்பு, கறுத்த மூஞ்சி. ராத்திரி திராட்சைப் பந்தலுக்கடியில் படுத்திருக்கும். மலையடிவாரத் தோட்டம் என்பதால் காட்டுப்பன்றி இறங்கும். அது குரைக்கிற தினுசை வைத்தே வந்திருப்பது பன்றியா ஆளா என்று அப்பா சொல்லிவிடுவார்.

அந்த வருசம் பழம் நிறம் பிடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பன்னீர் திராட்சைக்குக் கடைசி நேர மழை ஆகாது. கொத்துக் கொத்தாகப் பழம் வெடித்தது. வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. மருந்துக்கடையில் பாக்கி, கவாத்து வெட்டிய கூலி பாக்கி. அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து காரில் ஒருவர் கோம்பை நாய் தேடி வந்தார். பங்களாக் காவலுக்காம். ஏழாயிரம் கொடுத்தார்.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கல்தூணில் சங்கிலி மட்டும் தொங்கியது. “வித்தாச்சுடா” என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லவில்லை. நானும் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

நாவலைத் திறந்தால் முதல் அத்தியாயத்திலேயே திராட்சை வந்தது. கலிபோர்னியாவில் சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு. நீதிபதி மில்லரின் பெரிய பண்ணை, அதில் நீளமான திராட்சைப் பந்தல்கள், அங்கே ராஜா மாதிரி திரியும் பக் என்ற நாய். ஒருநாள் ராத்திரி நீதிபதி உலர்திராட்சை விவசாயிகள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து தோட்டக்காரனின் உதவியாள் மேனுவல் பக்கைக் கூட்டிப்போய் ரயிலடியில் விற்றுவிடுகிறான். கிளாண்டைக்கில் தங்கம் கிடைத்த காலம். பனிச்சறுக்கு வண்டி இழுக்க நாய்களுக்கு நல்ல விலை.

திராட்சைப் பந்தல், விவசாயிகள் சங்கம், நாயை விற்கிற ஆள். அமெரிக்காவில் எவனோ எங்கள் வீட்டைப் பார்த்து எழுதிவைத்த மாதிரி இருந்தது. பக் அடிவாங்குகிறது, வண்டி இழுக்கிறது, சண்டை போட்டு மற்ற நாய்களுக்குத் தலைமை ஆகிறது, கடைசியில் ஓநாய்க் கூட்டத்தோடு காட்டுக்குப் போகிறது. எல்லோருக்கும் பிடித்த அந்த முடிவு எனக்கும் பிடித்தது. ஆனால் என் மனசு முழுக்க மேனுவல் மேல் இருந்த வெறுப்புதான். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மேனுவலுக்கு அப்பாவின் முகம் வந்திருந்தது.

கல்லூரிக்குப் போன பிறகுதான் ஜாக் லண்டனின் வாழ்க்கையைப் படித்தேன். 1876இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். பதின்வயதில் தகர டப்பாத் தொழிற்சாலையில் மணிக்கு பத்து சென்ட் கூலி. பிறகு சணல் ஆலையிலும் அதே கூலி. மின்நிலையம் ஒன்றில் நிலக்கரி அள்ளினார். இரண்டு பேரை நிறுத்திவிட்டு அந்த இரண்டு ஆள் வேலையையும் தன் ஒருவன் தலையில் கட்டியிருக்கிறார்கள், அதுவும் அவர்களில் ஒருவர் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. 1894இல் ஊர் ஊராகத் திரிந்தபோது வேலையில்லாத நாடோடி என்ற குற்றத்துக்காக முப்பது நாள் சிறை.

1897இல் தங்கம் தேடி கிளாண்டைக் போனார். தங்கம் கிடைக்கவில்லை. காய்கறி பழம் இல்லாமல் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி அடுத்த வருசம் ஊர் திரும்பினார். ஆனால் அங்கே டாசன் நகரத்தில் பாண்ட் சகோதரர்களிடம் ஒரு நாயைப் பார்த்திருந்தார். அவர்களின் அப்பா சாந்தா கிளாராவில் பண்ணை வைத்திருந்த நீதிபதி. அந்த நாய்தான் பக் ஆனது.

1903இல் நாவல் வந்தது. முதலில் தொடராக வெளியிட்ட பத்திரிகை 750 டாலர் கொடுத்தது. புத்தக உரிமையை மாக்மில்லன் நிறுவனத்துக்கு 2,000 டாலருக்கு மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டார். ராயல்டி கிடையாது. முதல் பதிப்பின் பத்தாயிரம் பிரதிகள் ஒரே நாளில் தீர்ந்ததாகச் சொல்வார்கள். அதில் அவருக்கு ஒன்றும் வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. கதையில் மேனுவலுக்குக் கிடைத்தது நூறு டாலர். வெளியே ஜாக் லண்டனுக்குக் கிடைத்தது இரண்டாயிரம். அவரும்தானே பக்கை விற்றிருக்கிறார்? நாளைக்கு எவ்வளவு விலை போகும் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாத ஆள்தான் இன்றைக்கே விற்பான்.

நாவலை மறுபடி எடுத்தேன். முதல் தடவை நான் கவனிக்காதது ஒன்று இருந்தது. மேனுவல் ஏன் விற்றான் என்பதை லண்டன் இரண்டு இடத்தில் சொல்கிறார். முதல் அத்தியாயத்தில் அவன் லாட்டரிப் பைத்தியம், சூதாடி. கூடவே அவன் சம்பளம் பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் போக மிஞ்சாது என்றும் வருகிறது. இரண்டாம் அத்தியாயக் கடைசியில், பக் பனியில் நின்று ஓநாய் மாதிரி ஊளையிடுகிற இடத்தில், அது ஏன் இங்கே வந்து சேர்ந்தது என்று காரணம் சொல்கிறார். வடக்கே மஞ்சள் உலோகம் கிடைத்தது ஒன்று, மேனுவலின் கூலி குடும்பத்துக்குப் போதாதது இன்னொன்று. இங்கே சூதாட்டம் இல்லை. கூலி மட்டும்தான் நிற்கிறது. நிலக்கரி அள்ளிய கைதான் அந்த இடத்தை எழுதியிருக்க வேண்டும்.

லண்டனைப் புனிதராக்க நான் வரவில்லை. உழைப்பாளிக்காகப் பேசிய, ‘இரும்புக் குதிகால்’ எழுதிய அதே மனிதர் வெள்ளை இனம்தான் உசத்தி என்றும் நம்பினார். பண்ணை நீதிபதிக்கு வெள்ளைக்காரப் பெயரும் திருடுகிறவனுக்கு மேனுவல் என்ற பெயரும் வந்தது தற்செயல் இல்லை. பின்னாளில் அவரே சொனோமா பள்ளத்தாக்கில் நிலம் வாங்கி விவசாயியானார். பண்ணைச் செலவுக்காக எழுதினார், எழுதி எழுதி உடம்பைக் கெடுத்துக்கொண்டார், 1916இல் நாற்பது வயதில் இறந்தார். அவர் பண்ணையில் ஒரு மேனுவல் இருந்திருந்தால் என்ன கூலி கொடுத்திருப்பார் என்று யோசிப்பதுண்டு.

2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் கம்பம் தெருவுக்குள் வந்தது. ஏப்ரலில் கேரளாவின் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு காட்டில் விட்ட யானை. மலையேறி இறங்கி எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. அதனால் காயம்பட்ட ஒருவர் இறந்துபோனார். 144 போட்டார்கள். எங்கள் பக்கத்து அடிவாரத்தில் அது சுற்றிய நாட்களில் யாரும் ராத்திரி தோட்டத்துக்குப் போகவில்லை. ஜூன் 5ஆம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்கு லாரியில் கொண்டுபோனார்கள். வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பி கட்டிய லாரியில் அது தும்பிக்கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“அதுபாட்டுக்கு இருந்ததப் பிடிச்சு, எங்கிட்டெங்கிட்டோ கொண்டு போறாய்ங்க பாரு” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, டிவியைப் பார்த்தபடியே, “நம்ம செவலையும் கார்ல ஏறாமத்தான்டா நின்னுச்சு. நாந்தான் தூக்கி வச்சேன்” என்றார்.

இத்தனை வருசத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த நாவலின் கதையைச் சொன்னேன். திராட்சைப் பந்தலைச் சொன்னேன், சங்கக் கூட்டத்தைச் சொன்னேன். பக் காட்டுக்குப் போனதைச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டார்.

“வித்தான்ல ஒருத்தன், அவன் என்ன ஆனான்?”

“அவனப் பத்தி அப்புறம் ஒண்ணும் இல்லப்பா. கூலி பத்தலன்னு மட்டும் போட்டிருக்கு.”

“பிள்ளைக எத்தன?”

“நெறையன்னு இருக்கு.”

“ம்” என்றார். எழுந்துபோய் மோட்டார் போட்டுவிட்டு வந்தார்.