மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்

ஓர் எஞ்சினின் தரத்தை அறிந்துகொள்ள இருவகைச் சான்றுகள் உள. ஒன்று, அதனை ஆக்கிய தொழிற்சாலை வெளியிடும் விவரக்குறிப்பு. மற்றையது, அதனை நம்பித் தொழில் செய்தோரின் அனுபவம். முன்னது எஞ்சின் எதனைச் செய்ய ஆக்கப்பட்டது என்பதைக் கூறும். பின்னது, செய்ய ஆக்கப்படாத ஒன்றைச் செய்யுமாறு பணிக்கப்பட்டபோது அது எங்ஙனம் நடந்துகொண்டது என்பதைக் கூறும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990 முதல் 1995 வரை ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் வாகனங்களின் கதை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

ஒஸ்ரின், மொறிஸ் என்னும் இரு கம்பனிகளும் 1952 இல் ஒன்றிணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனமாயின. அக்கூட்டுத்தாபனம் அடுத்த ஆண்டளவில் வெளியிட்ட நடுத்தர எஞ்சினே 'பீ' வரிசை எனப்படுவது. கேம்பிறிட்ஜ் காரிலும், எம்.ஜி. பந்தயக் காரிலும், 1956 இல் வந்த 'ஜே-2' வானிலும், 1960 இல் வந்த 'ஜே-4' வானிலும், அரைத்தொன் சுமையேற்றும் சிறு வான்களிலும் இவ்வொரே எஞ்சின் பொருத்தப்பட்டது. இந்தியாவின் அம்பாசிடர் காருக்கும் இதுவே நெடுங்காலம் உயிர்நாடியாக விளங்கியது. இலங்கையில் வாடகைக் கார்களாக உழைத்த கேம்பிறிட்ஜ் கார்கள் பல இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இதன் அமைப்பு எளிமையானது. வரிசையாக நான்கு உருளைகள். வார்ப்பிரும்பாலான உடலும் தலையும். தலையில் அமைந்த வால்வுகளைத் தள்ளுகோல்கள் இயக்கும். பரவலாக வழங்கிய வகையில் உருளையின் விட்டம் 73 மில்லிமீற்றர், முசலத்தின் வீச்சு 88.9 மில்லிமீற்றர், மொத்தக் கொள்ளளவு 1489 கன சென்ரிமீற்றர். வலு ஏறத்தாழ 50 பரிவலு. பின்னர் விட்டம் 76.2 மில்லிமீற்றராக்கப்பட்டுக் கொள்ளளவு 1622 ஆயிற்று. வலுவும் 60 பரிவலுவை எட்டியது. நெருக்கல் விகிதம் 7.2 இலிருந்து 8.3 வரை. தரங்குறைந்த பெற்றோல் கிடைக்கும் நாடுகளை மனத்திற்கொண்டே தாழ்ந்த விகிதம் வழங்கப்பட்டது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

குறைகளும் இல்லாமலில்லை. எண்ணெய் ஒழுகுதல் இவ்வெஞ்சினின் பிறவிக்குணம். மாற்றண்டின் பின்முனையில் இறப்பர் வளையம் இல்லை. திருகுசுரி போன்று வெட்டப்பட்ட தவாளிப்பே எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பவேண்டும். பேரிங் தேய்ந்ததும் அது தன் கடமையை மறந்துவிடும். ஆரம்ப வகைகளில் மாற்றண்டைத் தாங்கியவை மூன்று பேரிங்குகளே. ஓய்வின்றி ஓடும் வாகனத்துக்கு இது போதாது. வால்வுகளை இயக்கும் ஆடுபுயங்களின் தண்டு தேய்ந்து 'டிக் டிக்' என ஒலிக்கும். இவற்றினும் பெரிய குறை தலையில் உள்ளது. இரண்டாம், மூன்றாம் உருளைகளின் கழிவுப்புகை ஒரே வாயிலால் வெளியேறுவதால் அவ்விடம் அளவுக்கு மீறிச் சூடேறும். வால்வு எரிவதும் தலையில் வெடிப்பு விழுவதும் அங்கேயே தொடங்கும்.

எனினும் இவையாவும் ஒழுங்கைக்குள் இருக்கும் ஒரு சிறு பட்டறையில் திருத்தத்தக்க குறைகள். தலையைக் கழற்றி, வால்வைத் தேய்த்துப் பொருத்தி, அன்றே பூட்டி ஓட்டலாம். அக்காலத்துச் சாரதிகளுட் பலர் இதனைத் தாமே செய்யவும் அறிந்திருந்தனர்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, புகைவண்டியும் நின்றது, பெற்றோலும் டீசலும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. எங்கிருந்தோ களவாக வந்த பெற்றோலின் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிற்று. விளக்குக்கும் அடுப்புக்கும் என மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெய் ஒன்றே எஞ்சியது. பழைய கார்களும் வான்களும் மண்ணெண்ணெய்க்கு மாறியது இந்நெருக்கடியினாலன்றி எவரது ஆராய்ச்சி ஆர்வத்தினாலும் அன்று.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறிதன்று. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினுள் அது ஆவியாகாது துளிகளாகவே நிற்கும். துளிகளைத் தீப்பொறி எளிதிற் பற்றவைப்பதில்லை. மற்றொன்று, மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் மிகக் குறைவு. நெருக்கும்போது தீப்பொறியினால் தொடங்கிய சுவாலை பரவி முடியுமுன் எஞ்சிய கலவை தானாகவே வெடிக்கும். சாரதி அதனை எஞ்சின் 'இடிக்கிறது' என்பார். அவ்விடி முசலத்தின் தலையிலும் பேரிங்குகளிலும் சம்மட்டிபோல் விழும்.

இவ்விரு தடைகளையும் தாண்டுவதற்குப் பழைய எஞ்சினின் அமைப்பே வழிவிட்டது. 'பீ' வரிசையில் உள்ளிழுக்கும் குழாயும் வெளியேற்றும் குழாயும் தலையின் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று நெருங்கி நிற்பன. எஞ்சின் சூடேறியதும் வெளியேறும் வெப்பம் உள்வரும் கலவையைச் சுடவைக்கும், மண்ணெண்ணெய் ஆவியாகும். முதற் சூட்டை உண்டாக்குவதற்கு மாத்திரமே பெற்றோல் வேண்டும். அதற்கெனச் சாரதிகள் சிறு போத்தலொன்றில் பெற்றோலைப் பொன்போற் பேணினர். காபரேற்றரின் வாயில் சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு விட்டனர். நெருக்கல் விகிதம் தாழ்ந்திருந்தமை இடியைக் குறைத்தது. டிஸ்ரிபியூற்றரைக் கையாற் சற்றே திருப்பித் தீப்பொறியைப் பிந்தச் செய்தால் மேலும் குறையும். இம்முறை முற்றிலும் புதியதன்று. பெர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை, பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் இனத்து எரிபொருளில் ஓடுமாறே இங்கிலாந்தில் ஆக்கப்பட்டிருந்தது. ஆனால் அங்கு பொறியியலாளர் திட்டமிட்டுச் செய்ததை, இங்கு சாரதியும் மெக்கானிக்கும் காதாற் கேட்டுக் கையாற் செய்தனர்.

அதற்குக் கொடுத்த விலையையும் கூறவேண்டும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவர்வழியே வடிந்து கீழிருக்கும் எண்ணெயுடன் கலக்கும். காலையில் அளவுகோலை இழுத்துப் பார்க்கும் சாரதிக்கு எண்ணெய் குறைந்திராது, கூடியிருக்கும். அறியாதவன் மகிழ்வான்; அறிந்தவன் அஞ்சுவான். அது எண்ணெயன்று, எண்ணெயைக் கெடுத்த நீர்மை. அதன் பசை குன்றியபின் மாற்றண்டும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகமாய் உராயும். எண்ணெயை மாற்றலாமெனின் அதுவும் அரிதாகக் கிடைத்த பொருள். இருவ்விரண்டு உருளைகள் ஒரே வாயிலால் உறிஞ்சுவதால் துளிகள் சமமாகப் பகிரப்படமாட்டா. ஒன்று திணற மற்றொன்று பட்டினி கிடக்கும். பிளக்குகளிற் காபன் படிந்து தீப்பொறி அவியும். முன்னரே நொந்திருந்த நடு வால்வு எரிந்துபோகும். தெருவெங்கும் கண்ணெரிக்கும் வெண்புகை. அதனைச் சுவாசித்தோர் அவ்வாகனத்திற் சென்றோர் மட்டுமல்லர்.

ஆயினும் அவ்வாகனங்கள் எவற்றைச் சுமந்தன என்பதை நினைத்தால் இக்குறைகள் வேறு நிறம் பெறும். நள்ளிரவிற் பிரசவ வேதனையுற்ற பெண்ணை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டிய வீட்டார் முதலில் தட்டியது வாடகைக் கார்ச் சாரதியின் படலையையே. அவருடைய கணக்கு விவரக்குறிப்பிற் காணப்படாத கணக்கு. போத்தலில் எத்தனை துளி மிஞ்சியுள்ளது? ஒருமுறை முயன்று எஞ்சின் பிடிக்காவிடின் மறுமுறைக்குப் போதுமா? வழியில் நின்றால் சூடு ஆறுமுன் மீண்டும் இயக்கலாமா? ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்துவதா, மண்ணெண்ணெய் வீணானாலும் ஓடவிடுவதா? இத்தகைய வினாக்களுக்கு விடை தவறினால் இழப்பது ஓர் எஞ்சினை அன்று.

இந்த முயற்சியைப் பிற்காலத்தார் தமிழரின் கண்டுபிடிப்புத் திறன் எனப் போற்றுவதுண்டு. போற்றுதல் தகும், ஆனால் அத்துடன் நின்றுவிடுதல் தகாது. எரிபொருள் கிடைத்திருந்தால் எந்தச் சாரதியும் தன் பிழைப்புக்கு ஆதாரமான எஞ்சினைத் தானே தேய்த்துக் கொன்றிருக்கமாட்டான். திறமை என்று நாம் புகழ்வதன் பாதி, இல்லாமை மனிதரிடம் அறவிட்ட வரியாகும்.

2022 இல் எரிபொருள் அருகியபோது இலங்கை முழுவதிலும் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. அவை பழைய கேம்பிறிட்ஜைக் காட்டிலும் பன்மடங்கு நம்பகமானவை. எண்ணெய் ஒழுகாது, வால்வு எரியாது, குளிரிலும் உடனே இயங்கும். ஆனால் அவற்றின் நெருக்கல் விகிதம் பெரும்பாலும் பத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கு மேலோ உள்ளது. எரிபொருளை அளந்து தெளிப்பது கணினி. வெளியேறும் புகையை முகர்ந்து பார்ப்பதற்கும் ஓர் உணரி உண்டு. சில துளி பெற்றோலையும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயையும் கொண்டு அவற்றை ஏமாற்ற இயலாது.

ஆதலால் நம்பகம் என்னும் சொல்லுக்கு ஒரு பொருள் மட்டும் கொள்ளுதல் கூடாது. எல்லாம் கிடைக்கும் காலத்தில் பழுதுபடாமை ஒருவகை நம்பகம். எதுவும் கிடைக்காத காலத்தில், பழுதுபட்டும் ஒரு மெக்கானிக்கின் கைக்கு அடங்கி மீண்டும் இயங்குதல் இன்னொருவகை. ஒரு நாடு தன் நோயாளர் வண்டிகளையும் பொதுப் போக்குவரத்து வாகனங்களையும் தெரிவுசெய்யும்போது முதல்வகையை மட்டுமே எண்ணிப் பார்க்கிறது. இரண்டாவதன் பெறுமதியைக் குடாநாட்டின் வாடகைக் கார்ச் சாரதிகள் அறிவர்.