பெயில் ஆவதில் ஒரு மானம்

பத்தாம் வகுப்பு கணக்குத் தாள்களைத் திருத்தும்போது, பெயரைப் பார்க்காமலேயே எது பையனுடையது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கையெழுத்தை வைத்து அல்ல, விட்டுப்போன இடங்களை வைத்து. தெரியாத கணக்கென்றால் பெண்பிள்ளைகள் சூத்திரத்தையாவது எழுதி, கொடுத்த எண்களைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். ஐந்து மார்க்கில் ஒன்றோ இரண்டோ அங்கே விழும். பையன் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டான். முழுசாகத் தெரிந்தால் எழுதுவான். இல்லையென்றால் பேனாவை மூடிவிட்டு மணி அடிக்கக் காத்திருப்பான்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் 2024இல் பத்தாம் வகுப்பு மாணவிகளின் தேர்ச்சி 94.53 சதவீதம், மாணவர்களுடையது 88.58. அடுத்த ஆண்டு 95.88, 91.74. ஆசிரியர் அறையில் காரணம் கேட்டால் செல்போன், சினிமா, சேர்க்கை என்பார்கள். செல்போன் பெண்பிள்ளைகள் கையிலும்தான் இருக்கிறது.

நான் பார்த்தவரை முதல் காரணம் மானம். பலகைக்கு வரச் சொன்னால், “படிக்கல சார்” என்று சிரித்துக்கொண்டே எழுந்து நிற்பான். வகுப்பும் சிரிக்கும். படிக்காமல் பெயில் ஆனவனுக்குப் பின்பெஞ்சில் ஒரு கெத்து உண்டு. ராத்திரியெல்லாம் படித்தும் பெயில் ஆனவனுக்குக் கிடைப்பது ‘மக்கு’ப் பட்டம். எதற்குப் படித்து மாட்டிக்கொள்ள வேண்டும்? அந்த வயதில் அவன் போடுகிற இந்த ஒரு கணக்கு மட்டும் தப்புவதில்லை.

வீடும் இதற்குத் துணை. ஆறு மணிக்கு மேல் பெண்ணை வெளியே விடுவதில்லை. அவள் நோட்டைத் திறக்காமல் வேறென்ன செய்வாள்? (அது அவளுக்குக் கிடைத்த சலுகை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.) பையன் எட்டு மணிக்கு எங்கே என்று கேட்க ஆளில்லை. பள்ளியும் துணைதான்: பாடநூல் கட்டு இறக்கவும் பெஞ்சு தூக்கவும் “ரெண்டு பசங்கள அனுப்புங்க சார்” என்று ஆள் வரும். முதலில் எழுபவன் கணக்கில் பின்தங்கியவன்தான். அந்த வேலையில் அவனை யாரும் மக்கு என்று சொல்வதில்லையே.

முகூர்த்த நாட்களில் வருகைப்பதிவேட்டைப் பார்க்க வேண்டும். கேட்டரிங்கில் பரிமாறப் பையன் போயிருப்பான். மறுநாள் கையில் காசு இருக்கும், அம்மாவிடமும் கொஞ்சம் கொடுத்திருப்பான். காலாண்டில் வாங்கும் மார்க் வீட்டில் அந்த மரியாதையை வாங்கித் தராது.

அந்த மானம் கெடாமல் இருக்கவே, பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பை நான் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. கணக்கு வினாத்தாளில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா எட்டு மார்க். தேர்ச்சிக்கு 35 போதும் என்கிறபோது இந்த 16 பெரிய தொகை. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு தொடுகோடுகள். இரண்டும் ஒரே நீளம் வந்ததா என்று ஸ்கேலை வைத்து அவனே பார்த்துக்கொள்ளலாம். நாலு பேர் முன்னால் நோட்டை என்னிடம் நீட்டித் திட்டு வாங்க வேண்டியதில்லை. ஸ்கேலும் காம்பஸும் கையில் இருந்தால் பின்பெஞ்சும் அடங்கி உட்காருகிறது. அதற்குப் பிறகு 14 ஒரு மார்க் கேள்விகள். பலகைக்கு யாரையும் கூப்பிடுவதில்லை; பெஞ்சுக்கு நான் போகிறேன்.

ரிவிஷன் டெஸ்ட்டில் இன்னொரு விதி வைத்தேன். தப்பாக எழுதினால் மார்க் குறையாது. வெற்றிடம் விட்டால் குறையும். “பசங்களுக்கு மட்டும் சலுகையா சார்?” என்று முன்பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. விதி எல்லோருக்கும் என்றேன். அதில் பெண்பிள்ளைகளின் மார்க்கும் சேர்ந்து ஏறியது. மார்க் இடைவெளி குறைந்ததா என்று தலைமையாசிரியர் கேட்டார். அது அப்படியேதான் இருக்கிறது சார், பெயில் ஆகிற பசங்கதான் குறைஞ்சிருக்காங்க என்றேன்.