ஆயிரம் வருஷக் காவலுக்கு ஆள் தேவை! தஞ்சாவூர் முதல் கல்பாக்கம் வரை

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் நந்தியைப் பார்ப்பார்கள், விமானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், நாலு செல்ஃபி எடுப்பார்கள். சுவரைப் படிப்பவர்கள் குறைவு. படித்தால், அங்கே ஒரு முழு வேலைவாய்ப்பு ஆணையே இருக்கிறது.

1010-ல் கலசம் ஏறிய இந்தக் கோயிலில் யாருக்கு என்ன வேலை, எவ்வளவு நெல் என்று ராஜராஜ சோழன் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். அப்புறம் விளக்கு ஏற்றுபவர், குடை பிடிப்பவர், தச்சர், தட்டார், தையற்காரர், கணக்கர் என்று பட்டியல் நீள்கிறது. கோயில் காவலுக்குச் சோழ நாட்டு ஊர்கள் ஆள் அனுப்ப வேண்டும் என்றும் உத்தரவு இருக்கிறது. ‘திருமெய்காப்பு’ என்று அந்தப் பணிக்குப் பெயர்.

இதில் ஒரு விதிதான் அசர வைக்கிறது. வேலை பார்ப்பவர் இறந்துவிட்டால், அல்லது ஊரை விட்டுப் போய்விட்டால், அவருடைய நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு வேலையைத் தொடர வேண்டும். அந்த உறவினருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை அவரே தேடி நிறுத்த வேண்டும். உறவே இல்லையென்றால், உடன் வேலை பார்ப்பவர்கள் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் போகலாம், வேலை நிற்கக் கூடாது!

அதே சுவர் இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. கோயில் முழுக்கப் பெயரை வெட்டி வைத்தும், கட்டியவன் யார் என்பதே பிற்காலத்தில் மறந்துபோனது. கரிகாலன் கட்டினான் என்றுகூடத் தலபுராணம் சொன்னது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ் எழுத்துகளைப் படித்துச் சொன்ன பிறகுதான் ராஜராஜன் பெயர் நிலைபெற்றது. எண்ணூறு வருஷத்துக்குள் இவ்வளவு மறதி. கல்லில் எழுதினால் மட்டும் போதாது, படிக்கத் தெரிந்த ஆளும் தொடர்ந்து இருக்க வேண்டும்.

இந்தக் கவலை இன்று ஒரு துறையை ஆட்டிப் படைக்கிறது. அணுக்கழிவு மேலாண்மை!

பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு பலகை

1980-களில் அமெரிக்காவில் ஒரு கேள்வி எழுந்தது. ‘இங்கே ஆபத்து, தோண்டாதே’ என்று 10,000 வருஷத்துக்குப் பிறகு வரப்போகும் மனிதனுக்கு எந்த மொழியில் எழுதி வைப்பது? தாமஸ் செபியோக் என்ற மொழியியல் அறிஞர் 1984-ல் ஒரு யோசனை சொன்னார்: பூசாரிப் பரம்பரை மாதிரி, அணுக்கழிவின் ரகசியம் அறிந்த ஒரு குழுவைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர விடலாம். கேட்டவர்கள் சிரித்திருக்கலாம். தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வராது.

பின்லாந்து நாட்டில் ‘ஒன்கலோ’ என்ற இடத்தில், பூமிக்கடியில் 400 மீட்டருக்கும் கீழே, கடினப் பாறையைக் குடைந்து அணுக்கழிவுக்கு நிரந்தர அறை அமைத்திருக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு ஆழ்சுரங்கம் இன்னும் இல்லை. இங்கே பயன்படுத்திய எரிபொருளை மறுசுழற்சி செய்து, மிஞ்சுவதை மட்டும் பத்திரப்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை நடக்கும் முக்கியமான ஊர் கல்பாக்கம்.

டெல்டாவுக்கு இதில் என்ன வேலை?

நியாயமான கேள்வி. காவிரி டெல்டாவில் அணு உலை இல்லை, அணுக்கழிவும் இல்லை. மண்ணுக்குள் எதை இறக்குகிறார்கள், எதை எடுக்கிறார்கள் என்பதில் இந்தப் பகுதி மக்கள் கறார். 2017-ல் நெடுவாசல் போராட்டம், 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எல்லாம் அந்தக் கறாரில் வந்தவைதான்.

ஆனால் கல்பாக்கத்தின் மின்சாரம் நம் வீட்டு மின்விசிறியையும் சுற்ற வைத்திருக்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் எந்தத் தெருவிலும் ஒரு பி.இ., ஒரு டிப்ளமோ, ஒரு ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை உண்டு. அணு உலை வேண்டுமா, வேண்டாமா என்று நாம் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். நாளைக்கே எல்லா உலைகளையும் மூடினாலும், இதுவரை சேர்ந்த கழிவு அங்கேயே இருக்கும். அதை யாராவது பார்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

சாலை வழியே ஒரு போக்கு

தஞ்சாவூரிலிருந்து கல்பாக்கம் சுமார் 250 கிலோமீட்டர். கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி. மயிலாடுதுறை, வைத்தீஸ்வரன்கோயில், சீர்காழி வரை இரண்டு பக்கமும் வயல். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சிதம்பரம். அப்புறம் கடலூர், புதுச்சேரி. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. பச்சை மெல்லக் குறைந்து, மரக்காணத்தில் வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். பாலாறு கடலில் கலக்கும் இடத்தைத் தாண்டினால் கல்பாக்கம் வந்துவிடும்.

ஊரை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையும், சித்திர வேலைப்பாடு கொண்ட அவர்களது கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. அதைத் தாராளமாகப் பார்க்கலாம். அணுமின் நிலையத்துக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. கடலோரத்தில் உலைக் கட்டடங்களைத் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி.

முதல் உலை 1983-ல் இயங்கத் தொடங்கியது, இரண்டாவது 1985-ல். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இங்கேதான். பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்தெடுக்கும் மறுசுழற்சி ஆலையை 1998-ல் பிரதமர் வாஜ்பாய் நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினத்தை விழுங்கிய அதே சுனாமி கல்பாக்கத்துக்குள்ளும் புகுந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கடல் எப்போது என்ன செய்யும் என்பதைக் கணக்கில் வைத்துக் காவல் காக்க வேண்டிய இடம் அது.

கழிவு என்றால் என்ன?

உலையிலிருந்து எடுத்த எரிபொருள் கொதிக்கும் சூடும் கடுமையான கதிர்வீச்சும் கொண்டது. சில வருஷங்கள் தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கடித்து ஆற வைக்கிறார்கள். பிறகு அமிலத்தில் கரைத்து, மறுபடி உதவும் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்துவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் திரவம்தான் உயர்நிலைக் கழிவு. அளவில் கொஞ்சம், வீரியத்தில் அதிகம்.

திரவமாக விட்டால் கசியும். அதனால் அதைக் கண்ணாடியோடு சேர்த்து, சுமார் 1,000 டிகிரி சூட்டில் உருக்கி, எஃகுக் கலனில் ஊற்றி இறுக வைக்கிறார்கள். கண்ணாடி வளையலை நினைத்துப் பாருங்கள். எத்தனை தடவை கழுவினாலும் நிறம் தண்ணீரில் இறங்குவதில்லை. நிறம் கண்ணாடியின் மேல் பூசப்படவில்லை, கண்ணாடிக்குள்ளேயே கலந்திருக்கிறது. அதே உத்திதான் இது.

கையுறை, துணி, கருவிகள் போன்ற குறைந்த வீரியக் கழிவுகளும் உண்டு. அவற்றைச் சுருக்கி, கான்கிரீட் அகழிகளில் வைத்து மூடிக் கண்காணிக்கிறார்கள்.

எவ்வளவு காலம் காவல்? இந்தக் கழிவில் இருக்கும் சீசியம்-137 சுமார் 30 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். 1,024 கலம் நெல் இருக்கிறது, 30 வருஷத்துக்கு ஒருமுறை பாதி மறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வருஷம் கழித்து ஒரு கலம் மிஞ்சும். 300 வருஷத்துக்கு முன்னால் தஞ்சையை மராட்டியர் ஆண்டார்கள்! புளூட்டோனியம்-239 பாதியாக 24,000 வருஷம் ஆகும். அதன் சுவடு கழிவில் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு நம் பேரப்பிள்ளைகளின் சுமை குறையும்.

கழிவிலும் காசு பார்க்கலாம், உயிரும் காக்கலாம். கழிவிலிருந்து பிரித்த சீசியத்தைக் கண்ணாடிக் குச்சிகளாக்கி, நோயாளிகளுக்கு ஏற்றும் ரத்தத்தைக் கதிரியக்கத்தால் பதப்படுத்தும் கருவிகளில் பயன்படுத்த வழி செய்திருக்கிறது பாபா அணு ஆராய்ச்சி மையம்.

என்ன வேலை, யாருக்கு?

‘அணு’ என்றாலே இயற்பியல் மேதைகள்தான் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி உருக்கும் உலைக்குக் கெமிக்கல் இன்ஜினீயர் வேண்டும். அகழிக்கு சிவில். அளவீட்டுக் கருவிகளுக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன். குழாய்க்கு நல்ல வெல்டர். தடித்த ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் இருக்கும் இயந்திரக் கையை இயக்குவதற்குப் பொறுமையான ஆபரேட்டர். நிலத்தடி நீர், பால், மீன், மண் என்று மாதிரி எடுத்து ஆய்வு செய்ய வேதியியல் படித்தவர்.

உள்ளே நுழைய முக்கியமான வழிகள் இவை:

பி.இ., பி.டெக். அல்லது எம்.எஸ்ஸி. முடித்தவர்களுக்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி. 1957-ல் தொடங்கியது. கேட் மதிப்பெண் அல்லது ஆன்லைன் தேர்வு, பிறகு நேர்முகம். ஒரு வருஷப் பயிற்சியில் தேறினால் விஞ்ஞானி பணி.

டிப்ளமோ, பி.எஸ்ஸி., ஐ.டி.ஐ., அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ‘ஸ்டைபண்டரி டிரெய்னி’ தேர்வு. உதவித்தொகையோடு ஒன்றரை முதல் இரண்டு வருஷப் பயிற்சி. டெல்டாவின் சின்ன ஊர்களிலிருந்து போகிறவர்களுக்குப் பொருத்தமான வாசல் இது.

ஊரை விட்டுப் போக விருப்பமில்லையா? புற்றுநோய் மருத்துவமனைகளில் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் பணி உண்டு. தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். அந்தக் கழிவைத் தனித் தொட்டியில் தேக்கி, வீரியம் குறைந்த பிறகே வெளியேற்ற வேண்டும். அதற்குப் பொறுப்பானவர் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

வயது வரம்பு, மதிப்பெண் எல்லாம் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். அரசு இணையதளத்தை மட்டும் பாருங்கள். ‘கல்பாக்கத்தில் வேலை வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் ஆளை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

அம்மாக்களின் கேள்வி

‘உடம்புக்கு ஒண்ணும் ஆகாதே?’ விண்ணப்பப் படிவத்துக்கு முன்னால் வீட்டில் எழும் கேள்வி இதுதான். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சுப் பணியில் இருப்பவர் ஒவ்வொருவரும் மார்பில் ஒரு சின்ன பேட்ஜ் அணிகிறார். உடம்பு வாங்கிய கதிர்வீச்சை அது பதிவு செய்கிறது. சட்டப்படி ஐந்து வருஷச் சராசரி வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வரம்பு 1. குறைந்த நேரம், அதிக தூரம், இடையில் தடுப்பு என்ற மூன்றும்தான் பாதுகாப்பின் அரிச்சுவடி.

விதி சரிதான். நடைமுறை? 2003 ஜனவரி 21-ல் கல்பாக்கம் மறுசுழற்சி ஆலையின் கழிவுத் தொட்டிப் பகுதியில் ஒரு வால்வு பழுதானது. மாதிரி எடுக்கப் போன ஊழியர்களுக்கு அது தெரியவில்லை. எச்சரிக்க வேண்டிய கதிர்வீச்சு அளவி அந்த இடத்தில் இல்லை. ஆறு பேர் வரம்பை மீறிய கதிர்வீச்சை வாங்கினார்கள். பெரிய வெடிப்பு இல்லை, புகை இல்லை. ஒரு வால்வு, இல்லாத ஒரு கருவி, கேட்கப்படாத ஒரு கேள்வி. அவ்வளவுதான்.

வெளியில் இருக்கும் மக்களின் நம்பிக்கையும் இதே அளவு முக்கியம். 2012-ல் கூடங்குளத்துக் கழிவைக் கோலார் தங்கச் சுரங்கத்தில் வைக்கப்போவதாகச் செய்தி பரவியதும் கோலாரில் போராட்டம் வெடித்தது. அப்படித் திட்டமில்லை என்று அரசு விளக்க வேண்டியிருந்தது. முதலிலேயே வெளிப்படையாகப் பேசியிருந்தால் அந்தப் பதற்றம் வந்திருக்காது.

அதனால் இந்த வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் பாடத்தோடு இன்னொன்றும் கற்றுக்கொடுங்கள். அளவி வேலை செய்யாவிட்டால் ‘உள்ளே போக மாட்டேன்’ என்று மேலதிகாரியிடம் சொல்லும் துணிச்சல். அன்றைக்கு அன்றே பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதும் பழக்கம். தனக்குப் பின்னால் வருபவருக்குப் புரிகிற மாதிரி எழுதும் பொறுப்பு.

இது டெல்டாவுக்குப் புதிதல்ல. கல்லணை இன்றும் நிற்கிறது என்றால், கட்டியவனோடு வேலை முடியாமல், வந்த ஒவ்வொரு தலைமுறையும் அதைச் செப்பனிட்டதால்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்றதும் கைதட்டுவதற்கு முன்னால், ‘வாய்க்காலைத் தூர்வாரிட்டாங்களா, மதகைப் பார்த்தாங்களா?’ என்று கேட்கும் ஊர் இது. அப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் நாலு பேர் கல்பாக்கத்திலும் இருக்கட்டும்!