எந்த ஊர் கமா?

கணக்குப் பிரிவு அனுப்பும் கோப்பில் தொகை '1,25,000.00' என்று இருக்கும்; தரவுத்தளத்தில் எழுத்துப் புலத்தில் அப்படியே ஏறும். நமக்கு அது ஒன்றேகால் லட்சம். மைஎஸ்க்யூஎல்லில் அந்தச் சரத்தோடு பூஜ்யத்தைக் கூட்டினால் விடை 1. முதல் கமாவைக் கண்டதும் வாசிப்பதை நிறுத்திவிடுகிறது. ஒரு வார்னிங் போடும். அறிக்கை எடுக்கும் புரோகிராம் அதைப் பார்ப்பதில்லை. எஸ்க்யூலைட்டில் எண்ணாகக் காஸ்ட் செய்தாலும் அதே 1, வார்னிங்கூடக் கிடையாது. போஸ்ட்கிரெஸ் மட்டும் முடியாது என்று பிழை காட்டி நின்றுவிடும். வேலை நிற்கிறதே என்று சலித்துக்கொள்கிறார்கள். நிற்கட்டும். ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிக் கூட்டுத்தொகைக்குள் கரைந்துவிட்டால் யார் தேடிப் பிடிப்பது?

*

“கமாவை ரிப்ளேஸ் பண்ணிட்டு காஸ்ட் பண்ணிடு.” எல்லோரும் சொல்வது இதுதான். நம் ஊர் பில்லுக்குச் சரி. ஜெர்மன் இன்வாய்சில் 1.234,56 என்றிருக்கும், அங்கே ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் கமா. கமாவை எடுத்தால் ஆயிரத்துச் சொச்சம் 1.23456 ஆகிவிடும், பிழையே வராமல். எஸ்க்யூஎல் சர்வரின் மணி வகை கமா எங்கே கிடந்தாலும் பொருட்படுத்தாது: '1,5' கொடுத்தால் 15.

ஆக, கோப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். ஆரக்கிளின் டூ_நம்பரில் எது பிரிகுறி, எது தசமக் குறி என்று நாமே எழுதிக் கொடுக்கலாம். சர்வரின் இயல்பு அமைப்பை நம்பி விடக் கூடாது.

*

(2,500.00) என்றால் கழித்தல். அடைப்புக்குறியைத் துடைத்தால் செலவு வரவாகிவிடும். தொகைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டிஆர், சிஆர் எழுத்துகளும் அப்படியே.

வெறும் இடைவெளிபோலத் தெரியும் நான்-பிரேக்கிங் ஸ்பேஸை டிரிம் தொடாது. தனியாக ரிப்ளேஸ் செய்ய வேண்டும்.

*

எண்ணா இல்லையா என்று சொல்லும் எஸ்க்யூஎல் சர்வரின் இஸ்நியூமெரிக்கை நம்ப வேண்டாம். தனியாக நிற்கும் டாலர் குறிக்கும் அது 'ஆம்' என்கிறது. 2012 பதிப்பில் வந்த டிரை_கன்வர்ட் நல்லது: எண்ணாக மாறாததற்கு 'நல்' (வெற்று மதிப்பு) தரும். அப்படி 'நல்' விழுந்த வரிகளை ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டும். அவற்றைப் பூஜ்யமாக்கி நிரப்புவது கணக்கைப் பொய்யாக்குவது.

*

வங்கிக் கணக்கு எண், போன் நம்பர், பின்கோடு: இவற்றை யாரும் கூட்டப்போவதில்லை. எழுத்தாகவே இருக்கட்டும். எண்ணாக்கினால் முன்னால் நிற்கும் பூஜ்யம் போய்விடும்.

*

தொகைக்கு ஃபுளோட் வகை கூடாது, பைசா அதில் துல்லியமாக நிற்காது. டெசிமல் புலம் ஒன்றைப் பக்கத்தில் சேர்த்து அதில் மாற்றவும். பழைய எழுத்துப் புலம், ஆடிட் முடியும்வரையாவது, அப்படியே இருக்கட்டும்.