பட்டியலில் ஒரு பெயர்

பெயர் கூப்பிடுவது எங்கள் தொழிலின் முதல் வேலை. நாள்தோறும் பதிவேட்டைத் திறக்கிறோம், பெயரைச் சொல்கிறோம், 'உள்ளேன் ஐயா' என்ற குரல் கேட்ட பிறகே குறியிடுகிறோம். குரல் கேளாமல் குறியிடலாகாது என்பதைப் பயிற்சிக் காலத்திலேயே எங்களுக்குக் கண்டிப்பாகக் கற்பித்தார்கள். அந்தப் பிழையை வகுப்பறையில் நான் செய்ததில்லை. வெளியே ஒருமுறை செய்தேன். ஒருவன் காவலில் இருக்கிறானா இல்லையா என்ற செய்தியில் செய்தேன்.

2013ஆம் ஆண்டு டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தேக்கா வட்டாரத்தில், ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷியர் சாலையும் கூடுமிடத்தில், இரவு ஒன்பதரை மணியளவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமான ஊழியர் ஒருவர் பேருந்தின் அடியில் சிக்கி உயிரிழந்தார். அதன்பின் மூண்ட கலவரத்தைச் சிங்கப்பூரர் எவரும் மறந்திருக்க முடியாது. காவல் வண்டிகளும் அவசர மருத்துவ வண்டியும் எரிந்த காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கலவரம் காணாத இந்நகரம் இதுதானா என்று ஐயுற்றேன்.

அக்காலத்தில் நண்பர் சிலரும் நானும் ஞாயிறு மாலைகளில் வெளிநாட்டு ஊழியர்களுக்கு எளிய ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வந்தோம். அவ்வகுப்பில் புதுக்கோட்டைப் பக்கத்து இளைஞன் ஒருவன் இருந்தான். அடக்கமானவன், எழுத்து முத்து முத்தாக இருக்கும். மறுநாள் விடியற்காலை அவனுடைய தந்தையிடமிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. இந்தியாவில் அப்போது மணி நான்கரை இருக்கும். பெரியவர் இரவெல்லாம் உறங்கவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"ஐயா, என் மகனைப் பிடிச்சுட்டாங்களாம். பேரு வந்திருக்காம். நீங்க பார்த்துச் சொல்லணும்" என்றார்.

பெயர் வந்திருந்தது உண்மை. என் கைபேசியிலும் அந்தப் பட்டியல் இருந்தது. கைதானவர்கள் என்ற தலைப்பின் கீழ், ஆங்கில எழுத்துகளில் வரிசையாகப் பெயர்கள். யார் எழுதியது என்ற குறிப்பு இல்லை, நாள் இல்லை, எந்த அலுவலகத்தின் பெயரும் இல்லை. மாணவன் ஒருவன் அப்படியொரு தாளைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால், யார் கையொப்பம் இட்டது என்று முதலில் கேட்டிருப்பேன். அன்று கேட்கத் தோன்றவில்லை. பட்டியலில் விரலை ஓட்டினேன், பெயரைக் கண்டேன், "ஆமாம் ஐயா, இருக்கிறது" என்று சொன்னேன்.

மூன்றே சொற்கள். ஆனால் சொன்னவர் சிங்கப்பூரில் இருக்கும் ஆசிரியர் அல்லவா! அதுவரை வதந்தியாக இருந்ததை என் வாய்ச்சொல் உறுதிச் செய்தியாக்கிவிட்டது.

தமிழாசிரியன் ஒருவன் இதில் ஏமாந்திருக்கவே கூடாது. நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில் புகும்போது என்ன ஆகின்றன என்பது நமக்குத் தெரியாததா? கண்ணனும் கன்னனும் அங்கே ஒருவரே. வள்ளிக்கும் வல்லிக்கும் வேறுபாடில்லை. மறுபுறம், கதிரவன் என்ற ஒரே பெயரை மூன்று நான்கு விதமாக எழுதக் கண்டிருக்கிறேன். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமும் நமக்கு இல்லை; தந்தை பெயர் சிலரிடம் முன்னே நிற்கும், சிலரிடம் பின்னே நிற்கும், சிலரிடம் ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். செல்வம், முருகன், குமார் என்ற பெயர்களோடு இந்நகரில் எத்தனை ஆயிரம் பேர் உழைக்கிறார்கள்! பெயர் ஒத்திருந்தால் ஆளும் அவரே என்று கொள்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

நண்பகலில் காவல் துறைக்குத் தொலைபேசியில் பேசினேன். பேசிய அதிகாரி பொறுமையாகவே கேட்டார்: அவர் உங்களுக்கு என்ன உறவு? அவருடைய வெளிநாட்டவர் அடையாள எண் என்ன? கடப்பிதழ் எண் தெரியுமா? மூன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. உறவினர் அல்லாதவரிடம் விவரம் கூற இயலாது என்றார். அன்று அது எனக்குச் சினமூட்டியது. பின்னர் எண்ணிப் பார்த்தால், அந்த மறுப்பில் இருந்த கவனம் என் விடையில் இல்லை. ஆளை உறுதி செய்துகொள்ளாமல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானோ பெயரை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை 24 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். எங்கள் இளைஞன் அவர்களுள் இல்லை. அன்று மாலை, உடன் பயின்ற ஒருவரின் துணையோடு துவாஸ் பகுதியிலிருந்த அவனது தங்கும் விடுதியைத் தேடிச் சென்றேன். இரவு வேலை முடித்துப் பகலெல்லாம் உறங்கியவன், கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தான். ஞாயிறன்று அவன் தேக்காவுக்கு வரவே இல்லை. கைபேசி பழுதாகிக் கடையில் கிடந்தது.

அதற்குள் ஊரில் நடந்தது வேறு. ஜாமீனில் எடுத்துத் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவர், திங்கட்கிழமை மாலையே பெரியவரிடம் 50,000 ரூபாய் வாங்கிச் சென்றுவிட்டார். தாயின் சங்கிலி அடகுக்குப் போனது. சிங்கப்பூரில் பிணையை முடிவு செய்வது காவல் துறையோ நீதிமன்றமோதான். ஊர்த் தரகருக்கு அதில் இடமே இல்லை. இதைச் சொல்ல வேண்டியவனாகிய நான்தான் "இருக்கிறது" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன்.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு 2014இல் அளித்த அறிக்கையைப் பின்னர் படித்தேன். விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டத்தினர் தவறாகப் புரிந்துகொண்டது கலவரத்துக்கான காரணங்களுள் ஒன்று என்று அது கூறியது. தெருவில் நின்றவர்கள் கண்டதைத் தவறாகக் கொண்டார்கள் என்றால், வீட்டில் அமர்ந்திருந்த நான் காணாததையே உண்மையாகக் கொண்டேன்.

நீதிமன்றத்தில் வழக்கை எதிர்கொண்டவர்கள் இறுதியில் 25 பேர். 57 பேர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஏறத்தாழ 200 பேர் காவல் துறையின் எச்சரிக்கையோடு விடப்பட்டார்கள். எச்சரிக்கை பெற்றவர் கைதி அல்லர்; குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர். இத்தனை நிலைகளையும் 'பிடிச்சுட்டாங்க' என்ற ஒரு சொல்லில் அடைத்துவிடுகிறோம். தமிழில் சொற்களுக்கா பஞ்சம்? தமிழ்நாட்டில் போலீஸ் காவல் வேறு, நீதிமன்றக் காவல் வேறு. இலங்கைத் தமிழர் 'விளக்கமறியல்' என்கிறார்கள்; விசாரணை முடியும்வரை மறித்து வைத்தல் என்ற பொருளைத் தெளிவாகத் தரும் அழகான சொல். என் மாணவர்களுக்கு அதைக் கற்பித்து வருகிறேன்.

அச்சொல்லைக் கற்பிக்கும்போதெல்லாம் வேறொரு காட்சியும் நினைவுக்கு வரும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களோடு சாலையோரத்தில் அமர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்தபோது சரணடைந்தவர்களின் பட்டியலைத் தாருங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. அரசின் பதிவேட்டை நாடுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பதிவேடு வாய் திறக்காத இடத்தில் பெற்றவள் எங்கே போவாள்? கேட்டால் விடை கிடைக்கும் நகரத்தில் இருந்துகொண்டு, கேளாமலே விடை சொன்னவன் நான். அந்தத் தாய்மாரை எண்ணும்போதுதான் என் பிழையின் அளவு எனக்கு விளங்கியது.

இன்று கேட்கும் வழிகள் பெருகியிருக்கின்றன. கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும் என்பது சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டம். குடிநுழைவு போன்றவற்றில் விதிவிலக்குகள் உண்டு. நீதிமன்ற விசாரணைப் பட்டியலை நீதித்துறையின் இணையத்தளத்திலேயே காணலாம். சிறைத்துறையோ கைதிகளின் பெயர்களை ஊரறிய வெளியிடுவதில்லை. உறவினர்தாம் உரிய முறையில் அணுக வேண்டும். வெளிநாட்டவர் என்றால், தம் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்குமாறு கேட்கும் உரிமையை 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தருகிறது. இங்குள்ள இந்தியத் தூதரகம் கிரேஞ்ச் சாலையில் இருக்கிறது. இந்தியாவில் கைதானவரின் உறவினருக்குச் செய்தி தெரிவிக்க வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. முதல் தகவல் அறிக்கைகளை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் ஆணையிட்டது. அமெரிக்காவில் கூட்டரசுச் சிறைகளில் 1982 முதல் இருந்தவர்களை யாரும் தேடிப் பார்க்கலாம். அங்கேயும் பெயரைவிடக் கைதி எண்ணே ஆளைச் சரியாகக் காட்டும். அப்பதிவுகளைப் படியெடுத்துப் போடும் தனியார் தளங்களில், விடுதலையான பின்னும் பெயர் நீங்காமல் கிடப்பது உண்டு.

இவற்றையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்ல வருகிறது. அன்று காலை இவற்றுள் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. "பெயர் இருக்கிறது ஐயா, ஆனால் அது உங்கள் மகன்தானா என்று எனக்குத் தெரியாது. பணம் யாருக்கும் கொடுக்காதீர்கள், நான் விசாரித்துச் சொல்கிறேன்" என்றிருந்தால் போதும்.

தரகர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஒரு பகுதியை நான் அனுப்ப முயன்றேன்; பெரியவர் ஏற்க மறுத்துவிட்டார். மகன் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிய பிறகும், பொங்கலுக்குப் பொங்கல் தவறாமல் தொலைபேசியில் அழைப்பார். மழை, வயல், பேரப்பிள்ளையின் படிப்பு என்று நெடுநேரம் பேசுவார். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை.