மணப்பாட்டுக் குன்றின்மேல்

கொல்லிமலையின் அரியூர் நாட்டிலிருந்து கடலைக் காணப் புறப்படுவதென்றால், முதலில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவல்லிக்கு இறங்கவேண்டும். சென்ற மே மாதத்தில் ஒரு நாள், பொழுது புலருமுன்னரே, எங்கள் மலையிலுள்ள சில குடும்பத்தார் ஒரு வேன் அமர்த்திக்கொண்டு இறங்கினோம். பெரியவரும் சிறியவருமாகப் பதினேழு பேர். பாதி வளைவுகள் கழிவதற்குள் பிள்ளைகளில் மூவருக்குத் தலை சுற்றி, ஒரே எலுமிச்சம்பழம் கைமாறிக்கொண்டே இருந்தது. எழுபத்தெட்டு வயதான எங்கள் அப்பாயி மட்டும் ஜன்னலோரத்தில் அசையாமல் அமர்ந்திருந்தார். அவர் அதுவரை கடலைக் கண்டவரல்லர்.

அப்பாயியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அவர் எழுத்தறியாதவர். சிறுமியாய் இருந்தபோது உபதேசியார் சொல்லச் சொல்லக் காதால் கேட்டு மனனம் செய்த செபங்களே அவர் அறிந்தவை. அவற்றில் கடவுள் ‘சர்வேசுரன்’. தூய ஆவியார் ‘இஸ்பிரீத்து சாந்து’. பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளைகள் புதிய செபப் புத்தகத்தின் சொற்களையே அறிவார்கள். தவக்காலத்தில் ஒரு நாள் மாலைச் செபத்தின்போது, அப்பாயி சொன்னதைப் பிள்ளைகள் திருத்தினார்கள், பிறகு சிரித்துவிட்டார்கள். அவர்களோடு சேர்ந்து நாங்களும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அன்று முதல் அப்பாயி செபமாலையை உருட்டுவதோடு சரி. அவர் குரல் வீட்டில் எழும்பவில்லை. கேட்டபோது, “எனக்குத்தான் சரியா வர்றதில்லையே” என்று மட்டும் சொன்னார்.

நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி என்று நீண்ட பாதையைப் பற்றி எழுத அதிகமில்லை. வெயிலும் தேநீர்க் கடைகளுமாகக் கழிந்தது. அன்றிரவு திருச்செந்தூரில் தங்கி, மறுநாட் காலை குலசேகரன்பட்டினத்தைக் கடந்து மணப்பாட்டை அடைந்தோம். வழிநெடுகப் பனைமரங்களும் செம்மணல் தேரிகளும் நிறைந்திருந்தன. திடீரென்று பனைகள் விலக, ஒருபுறம் கழிமுகத்தின் அமைதியான நீரும், மறுபுறம் அலைகடலும், நடுவே கடலுக்குள் நீண்ட மணற்குன்றும், அதன்மேல் வெள்ளைக் கோயிலும் தோன்றின. வேனுக்குள் பேச்சு அடங்கிவிட்டது. “இவ்வளவு தண்ணியா!” என்று அப்பாயி மெல்லச் சொன்னார்.

இவ்வூரைச் ‘சின்ன வெனிஸ்’ என்று அழைப்பவர்கள் உண்டு. நாங்கள் இத்தாலி நாட்டு வெனிஸ் நகரைப் படத்தில் கண்டதோடு சரி; வீதிகளே வாய்க்கால்களான அந்நகருக்கும் இந்த மணற்கரைக்கும் பெரிய ஒற்றுமை இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஆயினும் இரண்டு ஊர்களையும் இணைக்கும் மெய்யான செய்தியொன்று உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் குருப்பட்டம் பெற்றது வெனிஸ் நகரில், 1537ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள். திருநாட்டுக்குப் போகும் எண்ணத்துடன் அவரும் தோழர்களும் அங்கே கப்பலுக்குக் காத்திருந்தார்கள். போர் மேகம் சூழ்ந்திருந்தமையால் அப்பயணம் கைகூடவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 1542இல், வேறொரு கடல்வழியே வந்து, நமது முத்துக்குளித்துறைக் கரையில் கால்வைத்தார்.

குன்றின்மேலுள்ள திருச்சிலுவை ஆலயத்தின் வரலாறு அதற்கும் முந்தியது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் தலைவர், உயிர் பிழைத்தால் முறிந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி நாட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பதும், அவ்வாறே 1540இல் இங்கே சிலுவை நாட்டப்பட்டது என்பதும் வழிவழிச் செய்தி. கோயில் எழுந்தது 1581இல். ஆண்டவரின் மெய்யான சிலுவையின் சிறு துண்டொன்று இங்கே பேணப்படுகிறது; செப்டம்பர் 14ஆம் நாள் திருவிழாவுக்குத் திரளான மக்கள் கூடுவர். நாங்கள் சென்ற நாளில் கூட்டமில்லை. காற்று மட்டும் குறையாமல் வீசியது. இத்தாலியில் பிறந்து தமிழுக்குத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவரும் தம் முதிய நாட்களில் இவ்வூரில் தங்கிப் பணியாற்றியவர்.

கடலை நோக்கிய சரிவில் இருக்கிறது சவேரியார் குகை. முன்னொரு காலத்தில் சைவத் துறவியொருவர் அங்கே தங்கியிருந்தார் என்பார்கள். உள்ளே சென்றால் அலையோசை சற்று மட்டுப்படுகிறது. சவேரியார் வந்தபோது இக்கரையின் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேதம் கற்பிக்க ஆளில்லை. அவருக்கோ தமிழ் தெரியாது. தெரிந்தவர் துணையால் விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கி, தாமும் மனனம் செய்து, தெருத்தெருவாய் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, வாய்மொழியாகவே கற்பித்தார். அச்சிட்ட புத்தகம் பின்னர்தான் வந்தது: ஹென்றீக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கங்கள். தூய ஆவியாருக்கு அவர் வைத்த பெயர், போர்த்துக்கீசியச் சொல்லைத் தழுவிய ‘இஸ்பிரீத்து சாந்து’.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எங்களில் பெரிய பேத்தி அப்பாயியைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாயி அங்கே இல்லை.

தேடி வெளியே வந்தால், குகையருகே நிழலில், ஓலைப்பெட்டி விற்கும் மூதாட்டி ஒருவரோடு அமர்ந்திருந்தார். குருத்தோலையில் சாயமேற்றிப் பெட்டி முடைவது இவ்வூர்ப் பெண்களின் கைத்தொழில்.

“எந்த ஊருலருந்து வாறீக?”

“கொல்லிமலைங்க. கடலையே இப்பத்தான் பாக்கறேன்.”

“அம்மாடி! நான் இந்த வயசுவரைக்கும் ஒரு மலை ஏறுனதில்ல.”

இருவரும் சிரித்தார்கள். நாங்கள் கொண்டுவந்திருந்த பலாச்சுளைகள் அதற்குள் அங்கே பங்கிடப்பட்டிருந்தன. மூதாட்டி கடலைக் காட்டித் தம் கவலையைச் சொன்னார்: முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு வருவதால் படகுகள் போய்வருவது ஆபத்தாகிவிட்டது, அவர் மகனின் படகும் ஒருமுறை கவிழ்ந்ததாம். தூண்டில் வளைவு வேண்டும் என்பது இங்குள்ள மீனவரின் நெடுநாளைய கோரிக்கை. “மகன் கரை சேருமட்டும் சாமியைக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்” என்றவர், பேச்சை நிறுத்திச் சிலுவை அடையாளம் வரைந்து செபத்தைத் தொடங்கினார். பிதா, சுதன், அடுத்து வந்தது இஸ்பிரீத்து சாந்து.

அப்பாயி நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு அவர் குரல் எழுந்தது. மலையில் கற்ற செபமும் கடற்கரையில் கற்ற செபமும் சொல்லுக்குச் சொல் ஒத்து நடந்தன. ஓரிடத்தில் மட்டும் இருவருக்கும் வேறுபட்டது, இருவருமே அதைக் கவனிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் சத்தமின்றி மணலில் உட்கார்ந்தார்கள். நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். தவக்காலத்து மாலை எங்கள் நினைவை விட்டு அகலவில்லை.

புறப்படும்போது மூதாட்டி சிறு பெட்டியொன்றை அப்பாயியின் மடியில் வைத்து, பணம் வாங்க மறுத்துவிட்டார். நாங்கள் உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினோம். எழுபது வளைவுகளும் ஏறும்போது அவ்வளவு துன்பம் தரவில்லை.

மறுநாள் மாலைச் செபத்தில், “நீங்களே ஆரம்பிங்க அப்பாயி” என்றாள் பேத்தி. முதல் பத்து மணிகளையும் அப்பாயி தம் பழைய சொற்களிலேயே சொன்னார். பிள்ளைகள் புதிய சொற்களில் மறுமொழி சொன்னார்கள். மணப்பாட்டுப் பெட்டி இப்போது அடுக்களைப் பரணில் இருக்கிறது. அதில் அடுத்த மழைக்கான சாமை விதை.